வாப்பாவுக்கு 18 வருட சுகர், இன்சுலினும் போடுகிறார். நோன்பை விட மாட்டேன் என்கிறார்

காயல்_மகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ரமளானுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இப்போதே கேட்பதற்குக் காரணம், போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது.

வாப்பாவுக்கு 64 வயது, சுகர் வந்து 18 வருடம். மெட்ஃபார்மின் மாத்திரை காலையும் இரவும், கிளிமிபிரைடு மாத்திரை காலையில் ஒன்று, அதோடு கலப்பு இன்சுலின் (30/70) காலை 24 யூனிட், இரவு 16 யூனிட். கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 8.1. கிட்னி பரவாயில்லை என்றார்கள், ஆனால் அந்த ரிப்போர்ட் எட்டு மாதம் பழையது.

போன வருடம் 11-ம் நோன்பு. அஸர் (மாலைத் தொழுகை) தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்க்கிறார், முடியவில்லை, அதே பொத்தானை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறார். ஃபேன் ஓடுகிறது, ஆனால் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. என்ன வாப்பா என்று கேட்டால், "கஞ்சி வாங்கப் பாத்திரம் எடுத்துட்டுப் போயாச்சா?" என்றார். போயாச்சு என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டார். மீட்டரில் 49 காட்டியது. உம்மா சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கையால் கேட்கிறார். 40 நிமிடம் இருந்தது. நான் கெஞ்சினேன், உம்மா அழுதார்கள், கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து பெரிய வாப்பா வந்து ஒரு சத்தம் போட்ட பிறகுதான் குடித்தார். அடுத்த இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் அதிகாலைச் சாப்பாடு) இரண்டு பேரீச்சம்பழமும் அரை கிளாஸ் டீயும் குடித்துவிட்டு, காலை மாத்திரையையும் 24 யூனிட்டையும் ஒன்றும் குறைக்காமல் அப்படியே போட்டிருக்கிறார்.

அவர் பார்க்கும் டாக்டரிடம் போய்க் கேட்டோம். "நோன்பு வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் வாப்பா, "அவருக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும்" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு இருக்கும் பயம் இதுதான்: டாக்டர் வேண்டாம் என்கிறார், இவர் எப்படியும் வைக்கப் போகிறார், நடுவில் மருந்தை எப்படிப் போடுவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. மருந்து நேரத்தை மாற்றி வைக்க வழி இருக்கிறதா? விரலில் குத்தி டெஸ்ட் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று வேறு சொல்கிறார், அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓபி_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் சுகர் கிளினிக்கில் 14 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். நான் முஸ்லிம் இல்லை, ஆனால் ஒவ்வொரு ரமளானிலும் உங்கள் அப்பா மாதிரி ஐந்தாறு பேரையாவது பார்த்துவிடுகிறேன். ஏழு வாரத்துக்கு முன்னால் கேட்டீர்கள் பாருங்கள், அதுவே பெரிய காரியம். சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமளான் நோன்பில் சுகரைப் பற்றிப் பேசும் டார் கூட்டமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது, அதிலும் ரமளானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வருவது மூன்றாம் நோன்பன்றைக்கு, மயங்கி விழுந்த பிறகு.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வழிகாட்டியில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை உண்டு. 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6-க்கு மேல் போனால் நோன்பு வைக்காமல் இருப்பதே நல்லது. சுகர் எத்தனை வருடம், என்ன மருந்து, ஹெச்பிஏ1சி எவ்வளவு, கிட்னி எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. இதில், சுகர் இறங்குவதை உடம்பு உணராமலே போவது என்ற ஒன்றுக்கு மட்டும் 6.5. நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் அப்பாவுக்கு 49 வரை இறங்கியும் அவராக ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை, நீங்கள்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அவருக்குப் படபடப்பு, நடுக்கம், பசி எல்லாம் தெரிந்தும் மறைத்தாரா, அல்லது உண்மையிலேயே தெரியவில்லையா என்று நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். தெரியவே இல்லை என்றால் அந்த டாக்டர் வேண்டாம் என்றது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை. 'ஏன்' என்று ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் இவ்வளவு பிடிவாதம் வந்திருக்காது.

2001-ல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. டைப் 2 உள்ளவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சுகர் இறங்குவது மற்ற மாதங்களைவிட ரமளானில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. இது பயமுறுத்தச் சொல்வது அல்ல. அதற்குப் பிறகுதான் மருந்தை எப்படி மாற்றுவது என்று டாக்டர்கள் முறையாக யோசித்தார்கள்.

இப்போது மருந்து. இதை வைத்து நீங்களாக அளவை மாற்றாதீர்கள், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பெரிய சிக்கல் இல்லை, அது தனியாகச் சுகரை அதலபாதாளத்துக்கு இறக்காது. இரண்டு வேளை மாத்திரையை சஹருக்கும் நோன்பு திறப்பதற்குமாக மாற்றிக்கொள்வார்கள். வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் வகைக்கும் பெரும்பாலும் மாற்றம் தேவைப்படாது. சிக்கல் கிளிமிபிரைடிலும் இன்சுலினிலும்தான். கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு வேளை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளுவார்கள், அளவையும் குறைக்கலாம், அல்லது வேறு மாத்திரைக்கே மாற்றலாம். அதே இனத்தில் பழைய மருந்தான கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ரமளானில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

கலப்பு இன்சுலினை வழக்கமாகத் தலைகீழாக மாற்றுவார்கள். காலையில் போடும் பெரிய அளவு நோன்பு திறக்கும்போது. இரவில் போடும் சின்ன அளவு, அதையும் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைத்து, சஹருக்கு. உங்கள் அப்பா செய்தது இதற்கு நேர் எதிர். பகல் முழுக்க ஒன்றும் உள்ளே போகாத நாளில், பகல் முழுக்க வேலை செய்கிற 24 யூனிட்டும் மாத்திரையும். அஸர் வரை தாங்கியதே பெரிது.

மீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் உடனே நோன்பை விட வேண்டும், பாங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் சரி. 300-க்கு மேலே போனாலும் அப்படியே. 70-க்கும் 90-க்கும் நடுவில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் விட்டுவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். கிளிமிபிரைடு சாப்பிட்டவருக்கு ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் அன்று இரவும் கண் வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.


கிதாப்_மாணவன் எழுதியது:

வஅலைக்கும் ஸலாம். சகோதரரே, மருந்து விஷயத்தைச் சிஸ்டர் சொல்லிவிட்டார். மார்க்கப் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முஃப்தி இல்லை, மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவன்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி இதையெல்லாம் எடுத்துப் பேசி முடிவு சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும், சத்து ஏற்றாத ஊசியைத் தோலிலோ தசையிலோ போடுவதும் நோன்பை முறிக்காது. அந்தக் கணக்கில்தான் இன்சுலின் ஊசியும் வரும். குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவது அதில் சேராது. வாப்பா நம்பும் ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர் இருப்பார், அவர் வாயால் இதைச் சொல்ல வையுங்கள். உங்கள் வாயால் சொன்னால் "நீ எங்கே ஓதினாய்" என்பார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அடுத்தது முக்கியமானது. பலர் நோயாளிக்குக் கொடுத்த சலுகையை ஏதோ பலவீனமானவர்களுக்குப் போட்ட பிச்சை மாதிரி நினைக்கிறார்கள். நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 184, 185 வசனங்களில், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று வருகிறது. "அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை" என்ற பொருளில் வருவதும் 185-லேயே. அதே அத்தியாயம் 195, உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறது. நோன்பு வை என்ற கட்டளையை ஏற்பவர் இதையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும்.

திரும்ப நோற்க முடியும் என்ற நிலை இருந்தால் விட்ட நோன்பைக் களாச் செய்ய வேண்டும், அதாவது பிறகு நோற்று ஈடு கட்ட வேண்டும். இனி முடியவே முடியாது என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால் ஃபித்யா, அதாவது ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு. உங்கள் ஊரில் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி) என்பதால் ஒரு முத்து (பழைய முகத்தல் அளவு) தானியம் என்ற கணக்கு வரும், கிராமில் எவ்வளவு என்பதை உள்ளூர் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை. நோன்பை எப்போது விடுவது என்பதை 49 இருக்கும்போது அவரிடம் பேசாதீர்கள். அந்த நேரத்தில் மூளைக்கே சர்க்கரை போகவில்லை, அவர் எடுக்கும் முடிவு அவருடையதே அல்ல. இப்போது, வயிறு நிறைந்து தெளிவாக இருக்கும்போது, ஹஸ்ரத்தை வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்து, "70-க்குக் கீழே வந்தால் நான் விட்டுவிடுவேன்" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எங்கள் மாமாவுக்கு அப்படித்தான் செய்தோம். அந்த ரமளானில் இரண்டு தடவை விட வேண்டி வந்தது, ஒரு தடவைகூட வாக்குவாதம் இல்லை, "சொன்னேன்ல, கொண்டு வா" என்றார்.


மேலப்பாளையம்_மகள் எழுதியது:

காக்கா, எங்கள் உம்மாவுக்கும் சுகர்தான், ஆனால் மாத்திரை மட்டும், இன்சுலின் இல்லை. டாக்டர் சம்மதத்தோடு நான்கு வருடமாக வைக்கிறார்கள். அதனால் உங்கள் வாப்பாவுக்கும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன், சாப்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சுகர் ஏறியது நோன்பால் இல்லை, நோன்பு திறந்த பிறகுதான். பாங்கு சொன்னதும் நான்கு பேரீச்சம்பழம், ரோஸ் மில்க், சமோசா, வடை, கஞ்சி இரண்டு கிண்ணம், கடல்பாசி, தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) முடிந்து வந்து பரோட்டா. முதல் வருடம் இரவு பத்து மணிக்கு 340 காட்டியது, உம்மா மீட்டர் கெட்டுவிட்டது என்றார்கள். இப்போது சின்னப் பழம் ஒன்று, தண்ணீர், ஒரே ஒரு கிண்ணம் கஞ்சி, அப்புறம் மஃரிப் தொழுதுவிட்டு நிதானமாகச் சாப்பாடு. பேரீச்சம்பழத்தில் அளவு பார்க்க வேண்டும் காக்கா, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவரும் பெரிய மெஜூல் பழம் ஒன்றிலேயே 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒன்றுதானே என்று கணக்கு வைக்க முடியாது.

கஞ்சியை விடச் சொன்னால் உம்மா நோன்பையே விட்டுவிடுவார்கள். அதனால் வீட்டிலேயே காய்ச்சுகிறேன். பச்சரிசியைப் பாதியாக்கி, பாசிப்பருப்பை இரண்டு மடங்காக்கி, வெந்தயம் கூடுதலாக, கொத்துக்கறி, கேரட், பீன்ஸ், தேங்காய்ப்பால் கடைசியில் கொஞ்சம் மட்டும். முதல் நாள் "இது என்ன பருப்பா கஞ்சியா" என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது.

சஹரை விடவே விடாதீர்கள், அதையும் எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்கள். பாங்குக்கு அரை மணி நேரம் முன்பு எழுப்பினால் போதும். சிலர் இரவு ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள், அப்போது 13 மணி நேர நோன்பு 17 மணி நேரம் ஆகிவிடும். உம்மாவுக்கு இரண்டு சப்பாத்தி, முட்டை இரண்டு, கீரையோ சுண்டலோ, தயிர். சோறு கேட்டால் சிவப்பரிசி. ஊறுகாய், கருவாடு வைப்பதில்லை, பகலில் தாகம் எடுத்துவிடும். உங்கள் வாப்பா மாதிரி தூக்கக் கலக்கத்தில் சாப்பாடு இறங்காதவருக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார வைத்து, பிறகு கொடுத்துப் பாருங்கள். சாப்பிடவே முடியாத நாளில் மருந்தை என்ன செய்வது என்றும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

தராவீஹையும் மறக்க வேண்டாம். 20 ரக்அத் நல்ல உடற்பயிற்சிதான். உம்மா தொழப் போகும்போது பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.


பென்_ஊசி எழுதியது:

எனக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத சுகர், ஒன்பது வயதில் வந்தது, இப்போது 35. நான் நோன்பு வைப்பதில்லை. இதை எழுதவே பல வருடம் பிடித்தது.

சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் சஹருக்கு எழும்போது நானும் எழுந்து உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் மதியம் கழிவறைக்குள் போய் ஒளிந்து பிஸ்கட் தின்பேன். காலேஜில் ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்தேன், சாப்பிடவில்லைதானே என்று இன்சுலினையும் போடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறுவது) என்று ஐசியுவில் நான்கு நாள். சுகர் இறங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பயந்துபோய் இன்சுலினை முழுக்க நிறுத்தினாலும் உயிர் போகும், இதை வாப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நோன்பு வைக்காதவருக்கு ரமளான் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. நான் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அஸருக்குப் போய் அண்டா பக்கத்தில் நின்றால் மஃரிப் வரை, வரிசையில் வரும் தூக்குவாளிகளுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பேன். வாப்பாவின் பிடிவாதம் பட்டினிக்காக இருக்காது காக்கா. ஊரே ஒன்றாக இருக்கும்போது தான் மட்டும் வெளியே நிற்க வேண்டுமே என்ற வேதனையாக இருக்கும். அதற்கு என்ன செய்யலாம் என்றும் யோசியுங்கள்.


காயல்_மகன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன்.

சிஸ்டர் சொன்னதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வேறு ஒரு சுகர் டாக்டரிடம் போனோம். அவர் அரை மணி நேரம் பேசினார். கிட்னி டெஸ்ட் புதிதாக எடுத்தோம், கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது, முன்பு பார்த்ததுபோல் இல்லை. வாப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "அன்றைக்கு 49 இருந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்பதுதான். வாப்பா ரொம்ப நேரம் யோசித்து, "ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதனால்தான் பயப்படுகிறேன் பாய்" என்றார். என் வாப்பா முகம் மாறியதை அப்போது பார்த்தேன்.

இந்த வருடம் வைக்க வேண்டாம் என்பதுதான் அவர் கருத்து. வாப்பா ஒரு நாளாவது பார்க்கிறேன் என்று நின்றார். சரி, ரமளானுக்கு முன்பே வீட்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், மகன் பக்கத்தில் இருக்க வேண்டும், நான் எழுதும் நேரமெல்லாம் டெஸ்ட் எடுக்க வேண்டும், 70 என்றால் விட வேண்டும் என்று சொல்லி, கிளிமிபிரைடை நிறுத்தி, இன்சுலினை மாற்றி எழுதிக் கொடுத்தார். ஹஸ்ரத்தையும் அழைத்துப் பேச வைத்தோம், அவர் முன்னால் வாப்பா "70" என்று சொன்னார்.

போன வியாழன் வைத்தார். சஹருக்கு ஒழுங்காகச் சாப்பிட்டார். காலை பத்து மணிக்கு 141, ஒரு மணிக்கு 104. மூன்று மணிக்கு 83, சிஸ்டர் சொன்ன மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தோம், 68. மீட்டரை அவரே கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். உம்மா ஒன்றும் பேசவில்லை, கலக்கி வைத்திருந்த டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவரே எடுத்துக் குடித்தார்.

ராத்திரி என்னைக் கூப்பிட்டு, ஒரு முத்து என்றால் எத்தனை கிராம் என்று ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டு வா என்றார். தெருவில் கஞ்சி ஊற்ற ஆள் குறைவாக இருக்கிறதா என்றும் கேட்டார். பென்_ஊசி, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

இன்னொரு நாள் வைத்துப் பார்க்கலாமா என்றும் நடுவில் ஒரு தடவை கேட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை சிஸ்டர்.


ஓபி_சிஸ்டர் எழுதியது:

தம்பி, அந்த நான்கு எண்களையும் நேரத்தோடு எழுதி இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தைக் குறைத்த பிறகும் நான்கு மணிக்குள் 68 வந்திருக்கிறது, மஃரிபுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்திருக்கும். அவர் பார்க்கும் வரை இன்னொரு நாள் வேண்டாம். கிரியாட்டினின் கூடியிருப்பதால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், மெட்ஃபார்மின் அளவையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள். நோன்பு வைக்காவிட்டாலும் ரமளானில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாறும், தூக்கம் மாறும், அதனால் அந்த மாதத்துக்கென்று தனி மருந்துச் சீட்டு வாங்கி வையுங்கள். கஞ்சி ஊற்ற நிற்கும் இடத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், பக்கத்தில் நிற்பவர் ஒருவருக்காவது இவருக்குச் சுகர் இறங்கும் என்று தெரிந்திருக்கட்டும்.